மரைக்காரும் வண்ணக்கரும் பார்த்த இரண்டு படங்கள்

மரைக்கார் என்பது எங்கள் கரையில் ஒரு வீரனின் பெயரல்ல. அது ஒரு பொறுப்பு. கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையுள்ள முஸ்லிம் ஊர்களில், குடிக்கு ஒருவராகப் பள்ளிவாசல் காரியங்களைப் பார்த்தவர்களை மரைக்கார் என்று சொல்வோம். கந்தூரிக்கு அரிசி சேர்ப்பது, கலியாணத்தில் முன்நிற்பது, மையித்து வீட்டுக்கு முதல் ஆளாகப் போவது, காணிச் சண்டையில் இருபக்கத்தாரிடமும் ஏச்சு வாங்குவது எல்லாம் அவர்கள் வேலை. குடி எங்களுக்குத் தாய்வழியாக வருவது. மூத்தம்மாவின் குடிதான் உம்மாவின் குடி. உம்மாவின் குடிதான் என்னுடையது. எங்களுக்கு அடுத்திருக்கும் தமிழ் ஊர்களில் இதே வேலையைக் கோயிலில் செய்பவருக்கு வண்ணக்கர் என்று பெயர். அங்கும் குடிக்கு ஒருவர். அங்கும் குடி தாய்வழி.

நான் மாளிகைக்காட்டுக்காரன். சில காலம் என் குடிக்கு மரைக்காராக இருந்திருக்கிறேன். காரைதீவில் எனக்கொரு சிநேகிதர் இருக்கிறார். அவரும் ஒரு காலத்தில் வண்ணக்கராக இருந்தவர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். இருவரும் சரித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவர்கள். நான் அவரை மாஸ்டர் என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். ஒரே பிரதேச செயலகப் பிரிவுக்குள் இருக்கும் இரண்டு ஊர்கள். என் வீட்டுப் படலையிலிருந்து அவர் வீட்டுப் படலைக்குச் சைக்கிளில் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தின் நீளத்தைப் பற்றித்தான் இதில் எழுத வந்தேன். படங்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். ஏனெனில் அந்தப் படங்கள் இல்லாவிட்டால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன்.

2022 ஆம் ஆண்டு மார்ச் மாதம். பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, கரண்ட் இல்லை. ஆரம்பத்தில் சில மணித்தியாலமாக இருந்த மின்வெட்டு அந்த மாதக் கடைசியில் 13 மணித்தியாலம் வரை போனது. மாஸ்டரின் மகன் வெளிநாட்டிலிருந்து ஆள் மூலம் ஒரு பென் ட்ரைவ் அனுப்பியிருந்தார். அதில் இரண்டு படங்கள். ஒன்று, 1969 இல் வந்த ‘த றோயல் ஹன்ற் ஒஃப் த சன்’. பீற்றர் ஷாஃபர் 1964 இல் மேடைக்கு எழுதிய நாடகத்தைத் தழுவி இர்விங் லேர்னர் இயக்கியது. ஸ்பானியர் இன்கா அரசைப் பிடித்த கதை. மற்றது, பிரியதர்சன் இயக்கி மோகன்லால் நடித்து 2021 டிசம்பரில் வெளிவந்த குஞ்ஞாலி மரைக்கார் படத்தின் தமிழ் வடிவம்.

“உங்கட ஆள்ர படமும் இருக்கு தம்பி, வாங்க” என்று மாஸ்டர் போனில் சொன்னார். ‘உங்கட ஆள்’ என்ற சொல் என்னைக் கொஞ்சம் சுண்டியது. ஆனாலும் போனேன்.

முதலில் இன்காப் படத்தைப் பார்த்தோம். ஆங்கிலப் படம். விளங்காத இடத்தில் மாஸ்டர் நிறுத்தி எனக்குச் சொல்லுவார். அவருக்கு விளங்காததை நான் சொல்லுவேன். இருவருக்கும் விளங்காதவற்றை விட்டுவிட்டோம்.

கதை தெரிந்ததுதான். 1532 நவம்பர் 16 ஆம் திகதி, பெரு நாட்டின் மலைநகரான காஹாமார்க்காவின் சதுக்கத்துக்கு இன்கா மன்னன் அதாஹுவால்பா ஒரு விருந்தாளியைப் பார்க்க வருவதுபோல் வருகிறான். வந்த ஆயிரக்கணக்கானோரிடம் போருக்கான ஆயத்தம் இல்லை. மறைந்திருந்தவர்கள் பிரான்சிஸ்கோ பிஸாறோவும் அவனுடைய ஆட்களும். மொத்தம் 168 பேர். வல்வெர்தே என்ற பாதிரியார் முன்னே வந்து வேதத்தைப் பற்றிச் சொல்லிக் கையில் ஒரு நூலைக் கொடுக்கிறார். மன்னன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கீழே எறிகிறான். அது போதுமாக இருந்தது. பீரங்கியும் குதிரையும் வாளும் வெளியே வந்தன. பொழுதுபடுவதற்குள் சில ஆயிரம் பேர் செத்துப்போனார்கள், மன்னன் கைதியானான்.

அதன் பிறகுதான் அந்த அறை. 22 அடி நீளம், 17 அடி அகலம். தன் கையை உயர்த்தி எட்டும் இடம் வரை அதை ஒருமுறை தங்கத்தாலும் இருமுறை வெள்ளியாலும் நிரப்பித் தருவதாகவும், தன்னை விட்டுவிட வேண்டும் என்றும் மன்னன் சொல்கிறான். வாக்குக் கொடுக்கப்படுகிறது. நாடெங்குமிருந்து பொன் வந்து சேர்கிறது. ஆறு தொன்னுக்கு மேல். பொற்கொல்லர் தலைமுறை தலைமுறையாகச் செய்துவைத்த வேலைப்பாடுகள் எல்லாம் உருக்கிப் பாளமாக்கப்பட்டன. பொன் வந்தது, விடுதலை வரவில்லை. 1533 ஜூலை 26 ஆம் திகதி அதாஹுவால்பாவைக் கழுத்து நெரித்துக் கொன்றார்கள். தீயில் எரிப்பதாகத்தான் தீர்ப்பு. ஞானஸ்நானம் பெற்றதால் தண்டனை இப்படி இலேசாக்கப்பட்டது!

படத்தில் பிஸாறோவாக ரொபேர்ட் ஷோவும் அதாஹுவால்பாவாகக் கிறிஸ்தோபர் பிளம்மரும் நடித்தார்கள். இதே நாடகம் 1965 இல் நியூயோர்க்கில் மேடையேறியபோது பிளம்மர்தான் பிஸாறோ. கொன்றவனாகவும் கொல்லப்பட்டவனாகவும் ஒரே நடிகர்! வயதாகி, எதிலும் நம்பிக்கை இழந்துபோன ஒரு படைத்தலைவன் தன் கைதியிடம் மெல்ல மெல்ல மனதைப் பறிகொடுப்பதுதான் படத்தின் உயிர். கடைசியில் வாக்கைக் காப்பாற்ற அவனால் முடியவில்லை. சூரியனின் மகன் சூரியனோடு மீண்டு எழுவான் என்று ஒரு பைத்தியக்கார ஆசையுடன் பிணத்தின் பக்கத்தில் காத்திருக்கிறான். விடிகிறது. பிணம் எழவில்லை. பிஸாறோ அழுகிறான்.

நல்ல நடிப்பு. என் கண்ணும் கலங்கியதை மறைக்கவில்லை. ஆனால் மாஸ்டர் பெட்டியை மூடிவிட்டுச் சொன்னார்: “பாத்தீங்களா தம்பி, செத்தவன் ஒருத்தன். அழுகையையும் கொன்றவனுக்கே குடுத்திற்றாங்க.”

இரண்டு நாள் அந்தச் சொல் என் மனதில் கிடந்தது. உண்மைதான். ஆக்கிரமிப்பைப் பற்றி எடுக்கப்படும் நல்ல படங்களின் குறையே இதுதான். கெட்ட படம், வந்தவனை வீரன் என்கிறது. நல்ல படம், வந்தவனைத் துயரமுள்ள மனிதன் என்கிறது. இரண்டிலும் கெமரா வந்தவன் தோளின் பின்னால்தான் நிற்கிறது.

168 பேரால் ஒரு பேரரசு விழுந்தது என்பதையும் நான் நம்பவில்லை. பிஸாறோ வந்து இறங்கியபோது அதாஹுவால்பாவுக்கும் அவன் சகோதரன் ஹுவாஸ்காருக்கும் நடந்த சண்டை அப்போதுதான் முடிந்திருந்தது. தோற்ற ஹுவாஸ்கார் சகோதரனின் சிறையில் இருந்தான். அதாஹுவால்பா ஸ்பானியரின் சிறையில் இருந்தபடியே ஆள் அனுப்பி ஹுவாஸ்காரைக் கொல்வித்தான். இன்காக்களால் அடக்கப்பட்டிருந்த கன்யாரி போன்ற இனத்தவர்கள் ஸ்பானியருடன் சேர்ந்தார்கள். தம்மை அடக்கியவனை அடக்க ஒருவன் வந்தான் என்று சந்தோஷப்பட்டார்கள். அவர்களுடைய சந்தோஷத்துக்கும் நியாயம் இருந்தது. பின்னால் வந்தது அவர்களுக்கும் சேர்த்துத்தான் வந்தது.

அந்தக் கதையில் எனக்குப் புதிதாகக் கிடைத்த ஒன்றையும் சொல்ல வேண்டும். பிஸாறோவின் எழுத்தராக இருந்த பிரான்சிஸ்கோ தெ ஹெரெஸ் என்பவர் 1534 இல் செவில் நகரில் அந்தப் படையெடுப்பைப் பற்றி ஓர் அறிக்கையை அச்சிட்டார். அதில் இன்காக்களின் கோயில்களுக்கு அவர் போட்ட சொல் ‘மெஸ்கித்தா’. பள்ளிவாசல் என்று அர்த்தம்! மஸ்ஜித் என்ற அறபுச் சொல்லின் ஸ்பானிய உருவம். பெரு நாட்டில் ஒரு முஸ்லிமும் இல்லை. ஆனால் வந்தவர்கள் கிரனடாவை 1492 இல் பிடித்தவர்களின் பிள்ளைகள். அவர்களுக்குத் தெரிந்த ஒரே பகைவன் ‘மோரோ’. ஆகவே தங்களுடையதல்லாத எந்த வணக்கத்தலமும் பள்ளிவாசல்தான். காஹாமார்க்காவில் பாய்ந்தபோது அவர்கள் எழுப்பிய கோஷம் ‘சந்தியாகோ’. அந்தப் புனிதருக்கு ஸ்பெயினில் இருந்த பட்டப்பெயர் மாத்தமோரோஸ்; சோனகரைக் கொன்றவர். பின்னர் பெருவில் அதே புனிதரை இந்தியரைக் கொன்றவராக வரைந்தார்கள். குதிரை மாறவில்லை, வாள் மாறவில்லை. கீழே கிடக்கும் ஆள்தான் மாறினான்.

இதை நான் சொன்னபோது மாஸ்டர் சத்தமாகச் சிரித்தார். “அப்ப நம்மட கோயிலும் அவனுக்குப் பள்ளிதான். நானும் உங்கட ஆள்தான்” என்றார்.

அடுத்த கிழமை மரைக்கார் படத்தைப் போட்டோம்.

குஞ்ஞாலி மரைக்கார் என்பது ஒருவரின் பெயரல்ல. கோழிக்கோட்டு ஸாமூதிரி மன்னனின் கடற்படைத் தலைவர்களுக்கு வழங்கிய பட்டம். பதினாறாம் நூற்றாண்டில் அடுத்தடுத்து நால்வர் அப்பட்டத்தைத் தாங்கினார்கள் என்பது கேரள மரபு. படம் நான்காமவரான முஹம்மதலி மரைக்காரைப் பற்றியது. 2019 ஆம் ஆண்டுக்கான இந்திய தேசிய விருதுகளில் சிறந்த படம் என்ற விருதைப் பெற்றது. இதற்கு முன்பே 1967 இல் எஸ்.எஸ். ராஜன் இயக்கத்தில் ‘குஞ்ஞாலி மரைக்கார்’ என்று ஒரு மலையாளப் படம் வந்தது. அதில் கொட்டாரக்கர ஸ்ரீதரன் நாயர் குஞ்ஞாலியாக நடித்தார். அதுவும் சிறந்த மலையாளப் படமென்று தேசிய விருது வாங்கியது.

புதிய படம் கண்ணுக்கு நிறைவு. கடல், கப்பல், தீ, புயல் என்று காசைக் கொட்டியிருக்கிறார்கள். ஆனால் காதலும் பழிவாங்கலும் வாள்வீச்சும் சேர்ந்து நடந்த சரித்திரத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிவிட்டன. எனக்கு அதில் கோபமில்லை. படம் எடுப்பவருக்கு அந்தச் சுதந்திரம் உண்டு. என் மனத்தாங்கல் வேறு. நடந்த கதை, சேர்க்கப்பட்ட கதையைவிட வலியது.

போர்த்துக்கேயரோடு ஸாமூதிரியும் அவரது முஸ்லிம் மாலுமிகளும் ஏறக்குறைய நூறு வருடம் மோதினார்கள். இந்த மோதலை எங்கள் தரப்பிலிருந்து எழுதிவைத்தவர் பொன்னானியின் அறிஞர் சைகு ஸெய்னுத்தீன் மக்தூம். அவருடைய ‘துஹ்ஃபதுல் முஜாஹிதீன்’ அறபு நூல் 1583 வரையான நிகழ்வுகளைச் சொல்கிறது. ஸாமூதிரி முஸ்லிம் அல்ல. ஆனால் முஸ்லிம்கள் அவரோடு நிற்க வேண்டும் என்பது அந்நூலின் பக்கங்களில் உறைந்திருக்கும் எண்ணம். அது எழுதப்பட்டு இருபது வருடம் ஆகவில்லை. ஸாமூதிரிக்கும் குஞ்ஞாலிக்கும் மனம் கசந்தது. குஞ்ஞாலி தன்னை முஸ்லிம்களின் அரசன் என்று சொல்லிக்கொள்கிறான், கடலின் அதிபதி என்கிறான், மன்னரின் யானையின் வாலை அறுத்தான் என்றெல்லாம் குற்றச்சாட்டுகள். சிலவற்றில் உண்மையும் இருக்கலாம். பலம் வந்தவனுக்குத் தலை கனக்கும்; அதற்கு நமது ஆட்களும் விலக்கல்ல. 1599 இல் குஞ்ஞாலியின் கோட்டையைத் தாக்கிய போர்த்துக்கேயர் பெருஞ்சேதத்துடன் பின்வாங்கினார்கள். 1600 இல் ஸாமூதிரி தரையாலும் போர்த்துக்கேயர் கடலாலும் சேர்ந்து சூழ்ந்தார்கள். உயிருக்கு உத்தரவாதம் என்ற வாக்கை நம்பி, மார்ச் மாதத்தில் குஞ்ஞாலி கோட்டையை விட்டு வெளியே வந்தார். தன் வாளைத் தன் மன்னரிடம் கொடுத்தார். பக்கத்தில் நின்ற போர்த்துக்கேயத் தளபதி அந்திரே ஃபுர்த்தாடோ தெ மென்டோன்சா அவரைப் பிடித்துக்கொண்டான். கோவாவுக்குக் கொண்டுபோய்த் தலையை வெட்டினார்கள். தலையை உப்பிட்டுக் கண்ணனூருக்கு அனுப்பி மக்கள் பார்க்க வைத்தார்கள்.

அந்த மென்டோன்சா நமக்கும் புதியவனல்ல. 1591 இல் யாழ்ப்பாணத்தின் மேல் படைகொண்டு வந்து, புவிராஜ பண்டாரம் என்ற மன்னனின் ஆட்சியை முடித்து, தாங்கள் விரும்பியவரை அரியணையில் வைத்தது அவன்தான். தமிழ் மன்னனை முடித்த கையும் மரைக்காரைப் பிடித்த கையும் ஒன்று.

இலங்கையில் மரைக்கார்மாரின் தலை உருண்டதும் உண்டு. கோட்டே இராச்சியத்தில் 1521 இல் மூன்று சகோதரர்கள் தகப்பனைக் கொன்று நாட்டைப் பங்கிட்டார்கள். மூத்தவன் புவனேகபாகு போர்த்துக்கேயரை உதவிக்கு அழைத்தான். சீதாவாக்கையில் இருந்த தம்பி மாயாதுன்னை கோழிக்கோட்டின் உதவியைத் தேடினான். அவனுக்காகக் கடல் கடந்து வந்தவர்களில் பட்டே மரைக்காரும் குஞ்ஞாலி மரைக்காரும் இருந்தார்கள். 1539 இல் மாயாதுன்னைக்குப் போர்த்துக்கேயருடன் சமாதானம் செய்யும் நிலை வந்தது. அதற்கு விலை, உதவிக்கு வந்தவர்களின் தலைகள். அவன் அவற்றைக் கொடுத்தான். அவனைத் துரோகி என்று ஒரு வரியில் முடித்துவிட முடியாது. பிற்காலத்தில் போர்த்துக்கேயரை மிகக் கடுமையாக எதிர்த்தவர்களில் அவனும் ஒருவன். இக்கட்டில் நிற்கும் ஒருவன், பக்கத்தில் நிற்பவனைக் கொடுத்துத் தன்னை மீட்டுக்கொள்கிறான். ஹுவாஸ்காரின் கதையிலும் ஸாமூதிரியின் கதையிலும் மாயாதுன்னையின் கதையிலும் நடப்பது அதுதான்.

இடைவேளைக்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. மடிக்கணினியில் சார்ஜ் இல்லை. மாஸ்டரின் மனைவி குப்பி விளக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார். காஸ் இல்லாததால் அடுப்பில் விறகு. புகை வீட்டுக்குள் வந்தது.

“இந்த மணத்துக்கு எனக்கு எண்பத்தஞ்சு ஞாபகம் வரும் தம்பி” என்றார் மாஸ்டர். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

1985 ஏப்ரலில் காரைதீவில் தமிழ் வீடுகள் எரிந்தன. எரிக்கப் போனவர்கள் எங்கள் பக்கத்து இளைஞர்கள். அவர்களுக்குப் பின்னால் துவக்கோடு வேறு ஆட்கள் நின்றார்கள் என்பதை இரண்டு ஊரும் அறியும். சனம் பாடசாலைகளிலும் கோயில்களிலும் அகதியாய்க் கிடந்தது. எரிந்த வீடுகளில் மாஸ்டரின் வீடும் ஒன்று. எனக்கு அப்போது 24 வயது. நான் போகவில்லை. யாரையும் தடுக்கவுமில்லை. எங்கள் வளவில் நின்று தென்னைகளுக்கு மேலே எழும்பிய புகையைப் பார்த்தேன். அதற்குப் பிறகு இந்தக் கரையில் நடந்தவற்றை எழுதினால் பக்கம் போதாது. 1990 ஓகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் சுடப்பட்டுச் செத்தார்கள். அதே ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் முழுதாக வெளியேற்றப்பட்டார்கள். காத்தான்குடிச் செய்தி வந்தபோது மாஸ்டர் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் 85 ஐப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்து இரண்டு ஊரையும் அடித்தபோது ஒன்றாய் மையித்து எடுத்தோம், பிரேதம் எடுத்தோம். அப்போதும் இதைக் கதைக்கவில்லை. சிநேகிதம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டது, இந்த இரண்டையும் தொடாமல் சுற்றிப்போகும் ஒரு பாதைதான்.

குப்பி விளக்கின் முன்னால் இருந்து, முப்பத்தேழு வருடம் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

85 இல் அந்தக் கலவரம் ஓய்ந்த சில கிழமைகளில், எங்கள் பக்கத்தில் பழைய சாமான்கள் மலிவாக வந்தன. கதிரை, பித்தளைக் குத்துவிளக்கு, தையல் மெஷின். எங்கிருந்து வந்தவை என்று கேட்கத் தேவையில்லை. எங்கள் உம்மா அப்படி ஒன்றையும் வாசலுக்குள் எடுக்கவில்லை. “ஹறாம் வாப்பா, அது அழுத வீட்டுச் சாமான்” என்றார். நான் குத்துவிளக்கு வாங்கவில்லை. ஒரு புத்தகம் வாங்கினேன். இலங்கைச் சரித்திரம், ஆங்கிலத்தில், தடித்த அட்டை. முதல் தாளைக் கிழித்திருந்தார்கள். விலை ஐந்து ரூபாய். புத்தகம்தானே என்று என்னையே சமாதானம் செய்தேன். உம்மாவுக்குக் காட்டவில்லை.

அந்தப் புத்தகத்தில்தான் எங்கள் முன்னோரின் கதையை முதன்முதலாக வாசித்தேன். 1626 இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிக்குட்பட்ட இடங்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியதும், கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்றுக்கொண்டு நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றியதும் அதில் இருந்தது. அதற்கு முன்பும் இக்கரையில் முஸ்லிம்கள் இருந்தார்கள். ஆனால் அந்த நாலாயிரம் பேரின் வருகை இப்பகுதியின் சரித்திரத்தில் ஒரு முக்கிய இடம். நாங்கள் அடைக்கலம் பெற்ற கதையை, அகதியாக்கப்பட்ட ஒருவர் வீட்டிலிருந்து களவாடப்பட்ட புத்தகத்தில் நான் படித்தேன். அதை வைத்துப் பிள்ளைகளுக்குப் பாடமும் எடுத்தேன்.

“உங்கட புத்தகமாத்தான் இருக்கும் எண்டு எனக்கு எப்பவும் ஒரு பயம் மாஸ்டர்” என்றேன்.

அவர் கனநேரம் பேசவில்லை. தேத்தண்ணி வந்தது. குடித்தோம். பிறகு, “நாளைக்குக் கொண்டு வாங்க, பாப்பம்” என்றார்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. படங்களைப் பற்றித்தான் யோசித்தேன். பெருவில் தோற்றவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. வில்கபம்பா மலையில் தப்பியிருந்த இன்கா திட்டு குசி 1570 இல் தன் தரப்புக் கதையைச் சொல்லி எழுதுவித்தான். குவாமன் போமா என்ற முதியவர் ஸ்பெயின் மன்னனுக்கு ஏறக்குறைய 1200 பக்கத்தில், கிட்டத்தட்ட 400 சித்திரங்களுடன் ஒரு முறைப்பாட்டை எழுதி 1615 அளவில் முடித்தார். மன்னன் அதைக் கண்டானோ இல்லையோ, 1908 இல் கொப்பன்ஹேகன் நூலகத்தில் அது கண்டெடுக்கப்பட்டது. மலபாருக்கு ஒரு ஸெய்னுத்தீன் மக்தூம் இருந்தார். எங்கள் நாலாயிரம் பேரில் ஒருவருடைய பெயர்கூட நம்மிடம் இல்லை. அந்த எண்ணிக்கையையே போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸின் நூலிலிருந்துதான் எடுக்கிறோம். துரத்தியவன் எழுதிவைத்த கணக்கு!

அவர்களைத் துரத்திய தளபதி கொன்ஸ்தந்தீனு தெ சா. அவனேதான் 1620களின் தொடக்கத்தில் திருகோணமலைக் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டு கோட்டை கட்டியவன். மாஸ்டர் வகுப்பில் கோணேசர் கோயிலை உருக்கமாகச் சொல்லுவார். 1626 ஐ ஒரு வரியில் கடப்பார். நான் 1626 ஐ உருக்கமாகச் சொல்லுவேன். கோணேசர் கோயிலை ஒரு வரியில் கடப்பேன். ஒரே ஆளின் இரண்டு காரியங்கள். இரண்டு வகுப்பறைகளில் அவை இரண்டு சரித்திரங்களாகிவிட்டன. அதைவிட ஒன்று: 1580 தொடக்கம் 1640 வரை போர்த்துக்கலையும் ஸ்பெயினையும் ஆண்டது ஒரே முடி. குஞ்ஞாலியின் தலை உப்பிடப்பட்டபோதும், கோணேசர் கோயில் இடிக்கப்பட்டபோதும், எங்கள் ஆட்கள் மூட்டை முடிச்சோடு மலைநாட்டை நோக்கி நடந்தபோதும், பெருவின் வெள்ளியைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்ததும் அதே முடிதான். அதே முடி 1609 க்கும் 1614 க்கும் இடையில் தன் சொந்த நாட்டின் முஸ்லிம் வழிவந்தோரையும் துரத்தியது. அரச பதிவுகளில் எங்களுக்கு ஆங்கிலத்தில் எழுதப்படும் ‘மூர்’ என்ற பெயரும் அந்தக் கப்பலில் வந்து இறங்கியதுதான்.

இப்படி ஒரு படம் வந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தேன். வாள் வேண்டாம், கடற்போர் வேண்டாம். களைத்துப்போன சனம் ஒரு களப்புக் கரைக்கு வருகிறது. அங்கே ஏற்கெனவே இருப்பவர்கள் வந்து பார்க்கிறார்கள். யாரோ ஒரு பெண் முதல் செம்புத் தண்ணீரைக் கொடுத்திருக்க வேண்டும். மன்னன் ஆணை போடலாம். தண்ணீரைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் கொடுக்க வேண்டும். அந்தப் பெண்ணின் பெயரும் யாரிடமும் இல்லை. தாய்வழியாகக் குடி வருகிற இந்த ஊர்களில் அவள் யாருடைய மூத்தம்மாவாகவும் இருக்கலாம்.

அடுத்த நாள் அஸர் தொழுதுவிட்டுப் புத்தகத்தை ஒரு சீலைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். மாஸ்டர் கண்ணாடியை மாட்டி, பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. முற்றத்தில் கோழி கிளறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இது என்ட புத்தகமில்ல தம்பி” என்றார் கடைசியில். “நான் பென்சிலால கோடு போடாம ஒரு பக்கமும் வாசிக்கிறல்ல. இதில ஒரு கோடும் இல்ல.”

எனக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சைப் பற்றி இப்போது வெட்கப்படுகிறேன். அவர் புத்தகத்தை மூடினார்.

“ஆனா ஆரோ ஒராளுடையதுதானே” என்றார்.

ஆமென்றேன்.

“அப்ப இது இஞ்ச கிடக்கட்டும். ஆள் வந்து கேட்டா குடுப்பம். நீங்க வாசிக்கோணும் எண்டா வாங்க.”

பிறகு அவராகவே சொன்னார்: “தொண்ணூறில நான் உங்கட்ட வந்திருக்கோணும். படலை மட்டும் வந்து திரும்பிற்றன்.” அதற்கு நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு ஞாபகமில்லை. ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மரைக்கார் படத்தின் மிச்சத்தை மறுநாள் பார்த்து முடித்தோம். மோகன்லாலின் குஞ்ஞாலி கொல்லப்படும் கட்டத்தில் மாஸ்டர் அழுதார். நான் அழவில்லை, நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புத்தகம் இன்றும் காரைதீவில்தான் இருக்கிறது. இந்தக் கட்டுரைக்காக 1626 ஐயும் கோணேசர் கோயிலையும் ஒருமுறை சரிபார்க்கப் போன கிழமை அங்கு போனேன். மாஸ்டர் அதற்கு மாட்டுத்தாளில் உறை போட்டு வைத்திருக்கிறார். உறையின் மேல் பெயர் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்.